பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்ன ‘போட்டு வாறம்’

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ரிக்கெற் போடுவது எப்படி, விசாப் பத்திரம் நிரப்புவது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை இப்போது கொம்பியூட்டர் செய்கிறது. நான் செய்ததைவிடத் திறமாகவே செய்கிறது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், கோபதாபம் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதற்கு இன்னும் கைவராத வேலை. பாரிஸ் லா ஷப்பலில் கீழே சேலைக்கடை, மேலே எங்கள் பயண முகவர் கந்தோர். அந்த ஒடுங்கின படியில் இருபத்தாறு வருடம் ஏறி இறங்கின உரிமையில் ஒரு பிழையின் கதையைச் சொல்கிறேன். வேறு யாருடைய பிழையும் இல்லை, என்னுடையதுதான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்திலும் இந்தத் தொழிலைப் படிக்கவில்லை. சனம் சொல்கிறதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் படித்தேன். லூர்து மாதா கோயிலுக்கு எங்கள் ஆட்களை ஏற்றிப்போன ஒரு போர்த்துக்கீச பஸ் சாரதி இருந்தார். நடுவழியில் பஸ் நின்றுபோய் ஐம்பது பேரும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “முதலில் பிழையைச் சொல்லு, பிறகு வழியைச் சொல்லு. மாற்றிச் சொன்னால் இரண்டையும் நம்பமாட்டார்கள்.” அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் பிழைத்தேன். நான் சொல்லப்போகிற நாளிலும் அதுதான் என்னை நிமிர்த்தி வைத்தது.

ஓய்வெடுப்பதற்கு இரண்டு வருடத்துக்கு முந்தி, ஒரு தவக்காலத்தில், பன்னிரண்டு பேரோடு ஜப்பானுக்குப் போனேன். எல்லாரும் கோயில் ஆட்கள், பாதிப்பேர் பாரிசுக்கு வெளியே கார்ஜ் பக்கம், மற்றவர்கள் பொண்டிப் பக்கம். ஜப்பான் கிறிஸ்தவர்களும் ஒருகாலத்தில் ஒளித்திருந்து செபம் சொன்னவர்கள் என்று எங்கள் பங்குச் சுவாமி பிரசங்கத்தில் சொல்லப்போக, அந்தக் கோயில்களைப் பார்க்கவேண்டும் என்று இவர்களுக்கு ஒரு ஆசை பிறந்துவிட்டது. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. ஒரு இரவாவது இவர்களை அந்த ஊர்ப் பழைய முறை விடுதியில் தங்கவைக்க வேண்டும். ரியோக்கான் என்று சொல்வார்கள். கட்டில் கிடையாது, பாய் விரித்த அறை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறவேண்டும். அவர்கள் வைப்பதுதான் சாப்பாடு, அவர்கள் வைக்கிற நேரம்தான் நேரம். ஹோட்டலில் தங்குகிற மாதிரி இல்லை, ஒருவர் வீட்டில் போய் நிற்கிற மாதிரி.

மூன்று மாதம் கார்ஜிலிருந்து கார் து நோர் ஸ்ரேசன் வரும்வரை RER ரயிலில் இருந்து கொப்பியும் கையுமாக ஜப்பான் மொழி படித்தேன். ஐம்பது வசனம் பாடமாக்கினேன். அதில் ஒன்றைக் கண்டதும் எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. ‘இத்தே கிமாஸ்’. இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். எங்களுடைய ‘போட்டு வாறன்’ அச்சொட்டாக அப்படியே. எங்கள் வீடுகளில் படலையில் நின்று ‘போறன்’ என்று சொன்னால் ஏச்சு விழும், தெரியும்தானே. ‘உங்களைப் போல ஒரு சனம் இருக்கு’ என்று எனக்கு யாரோ கடிதம் போட்ட மாதிரி இருந்தது.

விடுதி கடலுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில். குளிர்காலம், எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. வாசலில் முழந்தாளிட்டு வரவேற்றார் வீட்டுக்காரம்மா. எழுபது வயதிருக்கும். அவர்தான் எல்லாம். சமையல் அவருடைய கணவர், ஆனால் கணவர் வெளியே வருவதில்லை, சமையலறைத் திரைக்குக் கீழே அவருடைய கால் மட்டும் தெரியும்.

எங்கள் குழுவில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் மன்னாரைச் சேர்ந்த லூர்தம்மா அக்கா. கடலோடு பிறந்து வளர்ந்தவர், வாயில் வருவதை மறைக்கத் தெரியாதவர். மற்றவர் மொசியே அருளப்பன், புதுச்சேரிக்காரர், அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நான் அச்சடித்துக் கொடுத்த ப்ரோக்ராம் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேனாவால் ஒரு சரி போடுவார். பத்து நிமிடம் பிந்தினால் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

முதல் சங்கடம் வெந்நீர்த் தொட்டியில் வந்தது. அங்கே பெண்கள் நாங்கள் எல்லாரும் ஒன்றாக, ஒரு துணியும் இல்லாமல்தான் இறங்க வேண்டும். லூர்தம்மா அக்கா கிணற்றடிக்குப் போகிற மாதிரிக் குறுக்குக்கட்டோடு போய் நிற்க, வீட்டுக்காரம்மா துணி கூடாது என்று சுவரில் இருந்த படத்தைப் பணிவாகக் காட்டினார். அக்கா அந்தப் படத்தை ஆறுதலாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “நாப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்தின மனுசனே வெளிச்சத்திலை கண்டதில்லை. உவைக்கு நான் ஏன் காட்டவேணும்?”

அது சிரிப்போடு போயிற்று. சாப்பாடு அப்படிப் போகவில்லை.

முற்பதிவுப் படிவத்தில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தவக்காலம், அதுவும் வெள்ளிக்கிழமை. ‘இறைச்சி வேண்டாம், மீன் எவ்வளவும் ஓம்’ என்று எழுதிப் போட்டேன். எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு மீன் என்றால் சொல்லவா வேண்டும். ஆனால் ‘எவ்வளவும்’ என்று எழுதின எனக்கு ‘எப்படி’ என்று எழுதத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு ஆளுக்கொரு தாழ்ந்த மேசை வந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்கள், இலை வடிவத்தில் தட்டு, அதன்மேல் பூ அடுக்கினது போலப் பச்சை மீன். சிவப்பு, வெள்ளை, ரோஸ். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அந்த மனிதர் பின்னேரம் முழுவதும் அதை வெட்டி அடுக்கியிருப்பார். பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். லூர்தம்மா அக்கா ஒரு துண்டைக் குச்சியால் தூக்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல மீன், பிள்ளை. இண்டைக்குப் பிடிச்சது. பாவம், ஆரோ சமைக்க மறந்திட்டினம்.”

மரியாதைக்குச் சோற்றைச் சாப்பிட்டு, சூப்பைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறைகளுக்குள் பொலித்தீன் பை சரசரத்தது. முறுக்கு, பருத்தித்துறை வடை, யாரோ ஒருவர் பாரிசிலிருந்து சுற்றிக் கொண்டுவந்த புளிச்சாதம். பாய் அறைக்குக் கதவு என்பது கடதாசிதான், வாசம் அதில் நிற்குமா?

வீட்டுக்காரம்மா தட்டுகளை எடுத்தார். பன்னிரண்டு பூவும் அப்படியே இருந்தன. அவர் தன் ஃபோனில் பேச, அது பிரெஞ்சில் என்னிடம் கேட்டது: ‘எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா? என் கணவர் கேட்கிறார்.’ களைப்பு என்றேன். அவர் சிரித்தபடியே இன்னும் இரண்டு வசனம் பேசினார். ‘வெளியூர் ஆட்கள் வந்தால் தட்டுகள் இப்படித்தான் திரும்புகின்றன. இனிமேல் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவோம், காலைச் சாப்பாடு மட்டும் கொடுப்போம் என்று அவர் சொல்கிறார்.’

திரைக்குக் கீழே பார்த்தேன். அந்தக் கால் அசையாமல் நின்றது. ஒரு மனிதர் தன் தொழிலை விட்டுவிட்டுப் போகிறதுக்கு நான் நிரப்பின ஒரு படிவம் காரணமாகப் போகிறதே என்று நினைத்து, கொப்பியைப் புரட்டினேன். ஐம்பது வசனத்தில் அதற்கு ஒரு வசனமும் இல்லை.

விடியப் பாருங்கள், காலைச் சாப்பாட்டுக்குச் சுட்ட மீன் வந்தது. உப்புப் போட்டு, தோல் மொறுமொறுக்கச் சுட்டது. ஒரு துண்டும் மிஞ்சவில்லை. வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு போகும்போது வீட்டுக்காரம்மா ஒருதரம் திரும்பி எங்களைப் பார்த்தார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. போகும்போதாவது இவர்களுக்கு ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் திட்டம் இதுதான். பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டுப் பகலில் ஊரைச் சுற்றிப் பார்ப்பது. நாலு மணிக்கு வந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஐந்தரை ரயிலில் அடுத்த நகரத்துக்குப் போவது. அடுத்த நாள் ஞாயிறு, அங்கே பதினொரு மணிப் பூசை. எங்களுக்கென்று ஒரு சுவாமியிடம் சொல்லி வைத்திருந்தது.

வாசலில் பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். ‘எல்லாரும் என்னோடை சேர்ந்து சொல்லுங்கோ’ என்றேன். ‘இத்தே கிமாஸ்.’ கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டுக்காரம்மாவின் கண் அகன்றது. ஏதோ கேட்டார். அதில் ‘கொன்பான்’ என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கொன்பான் என்றால் இன்றிரவு. இன்றிரவு அடுத்த நகரத்திலா என்று கேட்கிறார் என்று நானே முடிவுகட்டி, எங்கள் ஆட்கள் ஆட்டுகிற மாதிரித் தலையை ஆட்டினேன், நாலு பக்கமும். ஃபோன் என் கையில்தான் இருந்தது. ஆட்களுக்கு முன்னால் அதை எடுத்தால் மூன்று மாதம் படித்த பெருமை குறைந்துபோகும் என்று எடுக்கவில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கி, எழும்பி, அந்த வயதிலும் உள்ளே ஓடினார். என்ன பாசம் என்று நான் லூர்தம்மா அக்காவிடம் சொன்னேன்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தோம். வாசலில் எங்கள் பெட்டிகள் இல்லை. வீட்டுக்காரம்மா முழந்தாளிட்டு, புதுச் சிரிப்போடு ‘ஒக்காயெரி’ என்றார். அதுவும் என் கொப்பியில் இருந்தது. வெளியே போன வீட்டு ஆட்கள் திரும்பி வரும்போது ‘வந்திட்டியளோ’ என்று கேட்கிற சொல். போய்விட்ட விருந்தாளிக்கு அதைச் சொல்வதில்லை. அப்போதுதான் என் ஐம்பது வசனத்தில் ஒன்று முழுதாக விளங்கிற்று. ‘இத்தே கிமாஸ்’ எங்களுடைய போட்டு வாறன்தான். ஆனால் நாங்கள் ஒரேயடியாகப் போகும்போதும் அதைச் சொல்வோம், அவர்கள் திரும்பி வருகிறதென்றால் மட்டும்தான் சொல்வார்கள்.

இப்போது ஃபோனை எடுத்தேன். பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். ‘உங்கள் அறைகளில். படுக்கை விரித்தாயிற்று. நீங்கள் புறப்பட்டதும் என் கணவர் கடற்கரைச் சந்தைக்குப் போனார். காலையில் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்கள் என்று பார்த்தார். இன்றைக்கு எல்லாம் நெருப்பில் வைத்துச் செய்கிறார்.’

அவர் சொல்லத் தேவையில்லை. உள்ளேயிருந்து பொரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது.

இப்போது என் நிலையைப் பாருங்கள். வெளியே அரை மணித்தியாலத்தில் வண்டிகள் வந்து நிற்கும். அடுத்த நகரத்தில் அறைகள் காத்திருக்கின்றன. பின்னால் பன்னிரண்டு பேர் சப்பாத்தோடு நிற்கிறார்கள், அதில் ஒருவர் தாளோடு நிற்கிறார். உள்ளே ஒரு மனிதர், நேற்றோடு விட்டுவிடுவேன் என்றவர், காலையிலிருந்து அடுப்படியில் நிற்கிறார். அவரிடம் போய் ‘மன்னிக்க வேணும், நாங்கள் சொன்னது வெறும் மரியாதைக்கு’ என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இவர்களிடம் போய் ஒரு பொய் சொல்ல வேண்டும். ரயில் இல்லை, வண்டி பழுது, என்னவோ ஒன்று. பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, அதை ஒளிக்கவில்லை. எங்கள் வேலையில் அந்தப் பொய் மிகவும் சுலபம். வேற்று நாட்டில் எங்கள் வாய் ஒன்றுதான் இவர்களுக்குக் காது.

சாரதி சொன்னது ஞாபகம் வந்தது. எல்லாரையும் வாசற்படியில் இருத்தினேன். பிழையை முதலில் சொன்னேன், ஒன்றும் மிச்சம் வைக்காமல். படிவத்தில் எழுதினது, முந்தின இரவு வீட்டுக்காரம்மா சொன்னது, காலையில் தலையாட்டினது, ஃபோனை எடுக்காத பெருமை. பிறகு வழியைச் சொன்னேன். ஒன்று, இப்போதே புறப்படுவது, நான் உள்ளே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இல்லையென்றால், இன்றிரவு இங்கே தங்கி விடிய ஆறு மணி ரயிலைப் பிடிப்பது. பூசைக்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேரலாம். அங்கே பூசைக்கு முந்திப் பார்க்க இருந்த கடைத்தெரு மட்டும்தான் இல்லாமல் போகும். முதலாளியோடு நான் பேசிக்கொள்கிறேன்.

பொண்டிப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் கடைத்தெருவைப் பற்றித் தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். லூர்தம்மா அக்கா மூக்கை உயர்த்தி, கண்ணை மூடி, ‘பாரை’ என்றார். கொஞ்சம் பொறுத்து, ‘பக்கத்திலை இன்னொண்டும் பொரியுது’ என்றார்.

மொசியே அருளப்பன் தாளை எடுத்து விரித்தார்.

“மதாம், காலைல நாம சொன்னதுக்கு அர்த்தம் என்ன? சரியாச் சொல்லுங்க.”

“போட்டு வாறம் எண்டு, மொசியே.”

“பன்னெண்டு பேரும் சொன்னோம்?”

“ஓம்.”

“முப்பத்திரண்டு வருஷம் கிஷே கவுன்டர்ல ஒக்காந்து பேப்பர் வாங்கினவன் நான். ஒருத்தர் ஒண்ணு சொல்லி நான் எழுதிக்கிட்டா, அப்புறம் நான் அப்படி நெனச்சு சொல்லலன்னு வந்து நின்னா ஒத்துக்கவே மாட்டேன். போயிட்டு வர்றோம்னு சொன்னோம். அலோர், அப்போ வந்துட்டோம்.”

பேனாவை எடுத்துத் தாளில் அன்றைய இரவுக்கு நேரே இருந்த நகரத்தின் பெயரை வெட்டினார். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். அவருக்குப் பிறகு மற்றவர்களும் அவிழ்த்தார்கள். கடைத்தெருவுக்காக முணுமுணுத்தவர்களும்தான், கொஞ்சம் மெதுவாக.

வண்டிகளை நிறுத்தினது, அடுத்த ஹோட்டலோடு கதைத்தது, முதலாளியிடம் ஏச்சு வாங்கினது எல்லாம் வழமையான வேலை. அதில் படிக்க ஒன்றுமில்லை.

ஆறு மணிக்கு மேசைகள் வந்தன. சுட்டது, பொரித்தது, இஞ்சி போட்டு இனிப்பாக அவித்தது, பெரிய சட்டியில் சோறு. லூர்தம்மா அக்கா தன் பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தார், திரைப்பக்கம் ஒருதரம் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அக்காவைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். பிறகு குச்சிகளை ஓரமாக வைத்துவிட்டுக் கையைப் போட்டார். அந்தப் பாரையின் தலையை எடுத்துப் பிரித்து, கன்னத்துச் சதையை ஒற்றை விரலால் தோண்டி, கண்ணைச் சுற்றினதைச் சூப்பி, முள்ளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தட்டில் அடுக்கினார். பூனை பார்த்திருந்தால் அழுதிருக்கும்.

திரை விலகிற்று. கால் மட்டும் தெரிந்த மனிதர் முழுதாக வந்து நின்றார். மெலிந்த ஆள், கழுத்தில் துவாய். எங்கள் ஒருவரையும் அவர் பார்க்கவில்லை. அக்காவின் தட்டில் இருந்த முள்ளைத்தான் பார்த்தார். அக்கா நிமிர்ந்து, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தார். ஒரு மீனுக்கு இரண்டு கன்னம்தானே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவர் உள்ளே போய் இன்னொரு மீன்தலையோடு வந்தார். பாயில் அக்காவுக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்து, அதைத் தன் கையாலேயே பிரித்து, தலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒரு சின்னத் துண்டை எடுத்துக் கொடுத்தார். அது அக்காவுக்கே தெரியாத துண்டு. அக்கா அதை வாயில் போட்டுவிட்டு, மன்னாரில் தன்னைத் தவிர ஒருவருக்கும் மீன் தெரியாது என்று நினைத்திருந்ததாகவும் இந்த மனிசன் கொஞ்சம் பரவாயில்லை என்றும் தமிழிலேயே சொன்னார். அவர் விளங்கின மாதிரித் தலையாட்டினார்.

பிறகு அவர் மனைவியிடம் ஏதோ சொன்னார். ஃபோன் கேட்டது: ‘நேற்றைய மீனில் என்ன பிழை?’

நான் வாயைத் திறக்கமுன் அக்கா, என்ன கேட்கிறார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன்.

“மீனிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லு. பயத்திலை விட்டனாங்கள் எண்டு சொல்லு. ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லு, சின்னத் துண்டாய்.”

ஒரு சின்னத் துண்டு வந்தது. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கினார். முகத்தைச் சுளிக்கவில்லை, இன்னொன்று கேட்கவும் இல்லை. அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

தேநீர் கொண்டுவந்தபோது வீட்டுக்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று தனியே கூப்பிட்டேன். ‘காலையில் நான் சொன்ன சொல் பிழை. நாங்கள் திரும்பித் தங்குவதாக இருக்கவில்லை’ என்று ஃபோனில் சொன்னேன். அவர் அதைக் கேட்டு முடித்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் தந்து, ஆறுதலாகப் பதில் சொன்னார்.

‘தெரியும். ஒரு இரவுக்குத்தான் பதிவு இருந்தது. நீங்கள் தலையாட்டினது ஓமா இல்லையா என்று எனக்கு விளங்கவே இல்லை. இன்னொருதரம் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவீர்கள். அவர் இன்னொருதரம் சந்தைக்குப் போகட்டும் என்று கேட்கவில்லை.’

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் எதையும் இரண்டாந்தரம் கேளுங்கள். ஃபோனை எடுங்கள், வெட்கப்படாதீர்கள். அந்த அம்மா செய்ததை மட்டும் செய்து பார்க்காதீர்கள். அதைச் செய்வதற்கு ஒரே சமையல்காரனோடு நாற்பது வருடமாவது குடும்பம் நடத்தியிருக்க வேண்டும்.